டாங்கிளைக் குப்பையில் போடுமுன்

"டாங்கிள் போயிருச்சுண்ணே, புதுசு வாங்கணும்." வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தம்பி மேனேஜரிடம் இப்படிச் சொன்னபோது நான் அங்கே இருந்தேன். ஷிஃப்ட் மாற்றம், நாளைக்கு லீவு, ஜெனரேட்டர் நின்றது என்று ஆலையின் எல்லாச் சேதியும் அந்த ஒரு யுஎஸ்பி டாங்கிள் வழியாகத்தான் தொழிலாளர்களின் பட்டன் போனுக்குப் போகும். அதற்குள் மூன்று டாங்கிள் மாற்றியிருந்தார்கள். டிராயரில் கிடந்த மூன்றையும் என் லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். மூன்றும் நன்றாகவே வேலை செய்தன.

ஒட்டன்சத்திரம் கமிஷன் கடையோ, நிலக்கோட்டை பூ வியாபாரமோ, திண்டுக்கல் டவுனில் ஒரு பள்ளி அலுவலகமோ, எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் "எஸ்எம்எஸ் போகல, என்னன்னு பாருப்பா" என்று ஒருநாள் உங்களிடம் சொல்வார்கள். பிடுங்கிச் செருகுவது எல்லாருக்கும் தெரியும். எந்த நேரத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அலுவலகத்தில் மதிப்பு. அனுப்பும் கணத்தில் சாகிறதா, சும்மா கிடந்து சாகிறதா, உயிரோடு இருந்தும் செய்தி போகவில்லையா? முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் கணத்தில் செத்தால் கரண்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த ஆலையில் நடந்தது இதுதான். டவர் காட்டும், சிம் காட்டும், பேலன்ஸ்கூடக் காட்டும். 'அனுப்பு' என்றதும் விளக்கு அணைந்து, சாதனமே கம்ப்யூட்டரிலிருந்து காணாமல் போய், சில நொடி கழித்துத் திரும்ப வரும். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். 2ஜியில் செய்தி அனுப்பும்போது ரேடியோ இழுக்கும் கரண்ட், மிகக் குறுகிய துடிப்புகளில், 2 ஆம்பியர் வரைகூட ஏறும். டாங்கிளுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் அதில் ஒரு பகுதியைத் தாங்கும், மீதியைப் போர்ட் தர வேண்டும். டவர் தூரமாக இருந்தால் டாங்கிள் இன்னும் உரத்துக் கத்த வேண்டியிருக்கிறது, கரண்டும் அதிகம் கேட்கிறது. தகரக் கூரை போட்ட குடோன் மூலையில் மேசையைப் போட்டுவிட்டு, சிபியுவின் முன்பக்கப் போர்ட்டில் டாங்கிளையும் பக்கத்தில் பென் டிரைவையும் செருகினால் வேறென்ன நடக்கும்?

அந்தத் தம்பி ஜன்னல்வரை நீண்ட ஒயர் போட்டுப் பார்த்திருந்தார். சிக்னல் கூடியது, ஆனால் மெல்லிய நீள ஒயரில் வோல்டேஜ் இறங்கி நிலைமை மோசமானது. தனி அடாப்டர் உள்ள பவர்டு ஹப் ஒன்றை ஜன்னலோரம் வைத்து, அதில் டாங்கிளைச் செருகினோம். அடாப்டரை யுபிஎஸ்ஸில் மாட்டினோம். அதன்பிறகு அந்த டாங்கிள் நிற்கவில்லை.

சிக்னலைக் கோடுகளை எண்ணிப் பார்க்காதீர்கள், டாங்கிளுக்குள் இருக்கும் மோடத்தையே கேளுங்கள். ஏடி+சிஎஸ்க்யூ (AT+CSQ) என்ற கட்டளைக்கு 0 முதல் 31 வரை ஒரு எண் வரும். 10க்குக் கீழே என்றால் இடத்தை மாற்றுங்கள், 99 என்றால் அதற்கே தெரியவில்லை என்று அர்த்தம். ஏடி+சிரெக்? (AT+CREG?) என்று கேட்டால் வரும் இரண்டாவது எண் 1 அல்லது 5 ஆக இருக்க வேண்டும். 2 என்றால் இன்னும் டவர் தேடுகிறது. 3 என்றால் நெட்வொர்க் சிம்மை ஏற்க மறுக்கிறது.

சும்மா கிடந்து சாவது பெரும்பாலும் கம்ப்யூட்டரின் வேலை. விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்க யுஎஸ்பி போர்ட்டைத் தூங்க வைக்கும். பவர் ஆப்ஷனில் செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். டாங்கிளோடு வந்த டயலர் மென்பொருளும் உங்கள் எஸ்எம்எஸ் மென்பொருளும் ஒரே போர்ட்டுக்குச் சண்டை போடும், டயலரை நீக்கிவிடுங்கள். லினக்ஸில் கம்மு போன்ற எஸ்எம்எஸ் மென்பொருளை ஓட்டுகிறவர்கள் மோடம் மேனேஜர் சேவையை நிறுத்த வேண்டும். செருகி எடுக்கும்போது போர்ட் எண் மாறினாலும் குழப்பம் வராமலிருக்க, சாதனத்தின் நிரந்தரப் பெயரால் கூப்பிட வேண்டும். சில டாங்கிள்கள் முதலில் சிடி டிரைவ் வேடத்தில் வரும். அதை மோடமாக மாற்றத் தனி மென்பொருள் உண்டு.

உயிரோடு இருந்தும் செய்தி போகாததற்கு ஊரின் டவர் வரலாறு தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் வீடுதோறும் இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் முடங்கியது. டாடா போட்டான் டாங்கிள்கள் சிடிஎம்ஏ வகை, அவற்றுக்கு இன்று டவரே இல்லை. ஜியோ 2016இல் வந்ததே 4ஜியோடு மட்டும்தான். 3ஜி டாங்கிளில் ஜியோ சிம் ஒருநாளும் பேசாது. ஏர்டெல் 2020 வாக்கில் 3ஜியை மூடி, 2ஜியையும் 4ஜியையும் வைத்துக்கொண்டது. ஆக, பழைய ஹுவாவே டாங்கிளில் ஏர்டெல் சிம் போட்டால் அதற்கு மிஞ்சியது 2ஜி மட்டும். அது இல்லாத 3ஜியைத் தேடித் தேடிக் களைத்துப்போகும். அமைப்பில் 'ஜிஎஸ்எம் மட்டும்' என்று வைத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

சிம்மைச் சாதாரண போனில் போட்டு ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். பேக் முடிந்திருக்கலாம், அன்றைய 100 எஸ்எம்எஸ் தீர்ந்திருக்கலாம். தொலைந்த சிம்முக்குப் பதில் மாற்று சிம் வாங்கினீர்களென்றால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாது, வராது. மோசடியைத் தடுக்க 2022 இறுதியில் வந்த ஏற்பாடு அது. பதில் வருவது மட்டும் நின்றிருந்தால் சிம்மின் இன்பாக்ஸ் நிரம்பியிருக்கும். விளம்பரச் செய்திகளே அதை நிரப்பிவிடும். வாரம் ஒருமுறை அழியுங்கள்.

தமிழில் அனுப்பும்போது இன்னொன்று. ஆங்கிலத்துக்கு 160 இடம் தரும் எஸ்எம்எஸ், தமிழுக்கு 70தான் தரும். 'திண்டுக்கல்' என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணக்கில் 11. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், ஒவ்வொரு துண்டும் தனிச் செய்தியாகக் கழியும். அந்த நூற்பாலையில் 'நாளை விடுமுறை' என்ற சேதி மூன்று துண்டாகப் போய்க்கொண்டிருந்தது. 'அன்பார்ந்த தொழிலாளர்களுக்கு' என்று தொடங்கி நீட்டி எழுதியதுதான் காரணம்.

வாடிக்கையாளர்களுக்குத் தள்ளுபடி விளம்பரம் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி வணிகச் செய்திக்கு அனுப்புநர் பெயரும் வாசகமும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து அனுப்பிப் புகார் வந்தால் இணைப்பையே துண்டிப்பார்கள். முதலாளியிடம் இதைப் பணிவாக, முன்கூட்டியே சொல்வதும் உங்கள் வேலையில் சேர்த்தி.

இனி 3ஜி டாங்கிள் வாங்காதீர்கள். 4ஜி வாங்கினாலும் பெட்டியை நம்ப வேண்டாம்: சிலவற்றில் சீரியல் போர்ட்டே இருக்காது, வெறும் நெட்வொர்க் கார்டு போல வந்து பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்கும். கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு, உங்கள் மென்பொருளிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்தபிறகு பணத்தைக் கொடுங்கள்.

சிம் எண், பேக் முடியும் தேதி, போர்ட் பெயர், கடைசியாக நின்ற நாள், நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இன்றே சிபியு மேல் ஒட்டுங்கள். நீங்கள் லீவில் இருக்கும் நாளில் உங்கள் இடத்தில் உட்காருகிறவருக்கு அது உதவும்.