‘ஒமிட்’ என்னும் ஆங்கில வினை

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஒமிட்’ என்ற வினையின் பொருளும் பயன்பாடும் யாவை?

பதில்: இடம்பெற வேண்டிய அல்லது இடம்பெறக்கூடிய ஒன்றைச் சேர்க்காமல் விடுதலையும், செய்ய வேண்டியதைச் செய்யத் தவறுதலையும் குறிக்கும் இவ்வினை, ‘போகவிடு’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பட்டியலில் ஒரு பெயர் வேண்டுமென்றே விடப்பட்டாலும், மறதியால் விடுபட்டாலும் இச்சொல் பொருந்துமாதலால், எது நிகழ்ந்தது என்பதைச் சூழலே உணர்த்தும். அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால், இறந்தகால வடிவில் இறுதி ‘டி’ எழுத்து இரட்டிக்கும். நடுவிலுள்ள ‘எம்’ இரட்டிக்காது. இதன் பெயர்ச்சொல்லான ‘ஒமிஷன்’ சட்டத்தில் கனமுடையது: செயலைக் குறிக்கும் சொற்கள் சட்டவிரோதமான செய்யாமையையும் உள்ளடக்கும் என 2024 வரை நடைமுறையிலிருந்த 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 32ஆம் பிரிவில் வகுத்திருந்ததால், தம் பொறுப்பிலுள்ள குழந்தைக்கு உணவளிக்காது விடுவதும் அச்சட்டப்படி குற்றமாகக்கூடியதாக இருந்தது.