சிறிய கம்பெனி வேலையும் மத்யன் தரும் படிப்பினையும்



நம் மஹல்லாப் பெண் பிள்ளைகள் பலர் அழகு சாதனப் பொருட்கள் தயாரிக்கும் சிறிய கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். மருதாணி கோன், சோப்பு, தலை எண்ணெய், முகப்பொடி என ஏழெட்டுப் பேரை வைத்து நடக்கும் இடங்கள். சென்ற மாதம் அப்படி ஒரு சகோதரி தம் தாயாருடன் நம் அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. "எல்லோரும் ஒரு குடும்பம் மாதிரி இருக்கோம். எப்படிக் கேட்கிறது?" என்பதே அவருடைய தயக்கம்.

இவ்வேலையில் நன்மை உண்டு. பெரிய ஆலையில் நாள் முழுதும் மூடி திருகுபவர், இங்கே எடை போடவும், காய்ச்சவும், நிரப்பவும், வாடிக்கையாளரிடம் பேசவும் கற்கிறார். தொழுகை நேரத்தையும் வீட்டு நிலைமையையும் முதலாளியிடம் நேரில் சொல்லலாம். நாளை சொந்தத் தொழில் தொடங்க இதுவே பயிற்சி.

சிரமமும் உண்டு. பெருநாளுக்கும் கல்யாண சீசனுக்கும் இரவு வரை வேலை, பிறகு மந்தம். சரக்கு எடுத்த கடைக்காரர் பணம் தராவிட்டால் முதலில் நிற்பது சம்பளம்தான்.

குர்ஆனின் 28வது அத்தியாயமான அல்கஸஸை எடுத்துப் பாருங்கள். மூஸா (அலை) அவர்கள் மத்யனில் ஒரு முதியவரிடம் வேலைக்கு அமர்கிறார்கள். அவருக்கே மருமகனாகவும் ஆகப்போகிறார்கள். அப்படியிருந்தும் 8 ஆண்டு என்று தெளிவாகப் பேசப்படுகிறது. 10 ஆக நிறைவு செய்தால் அது மூஸாவின் விருப்பம். சிரமப்படுத்த மாட்டேன் என்று முதியவர் வாக்களிக்கிறார். பேச்சுக்கு அல்லாஹ்வே சாட்சியாக்கப்படுகிறான். உறவு இருக்கிறது என்பதற்காக நிபந்தனை பேசாமல் விடப்படவில்லை.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டியவை:

1. எழுதி வாங்குங்கள். சம்பளம், தேதி, கூடுதல் நேரத்துக்கான கூலி மூன்றும் தாளில் இருக்கட்டும். கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது அல்பகராவின் 282வது வசனம். தராத சம்பளமும் கடனே.

2. கூலியைத் தாமதிக்காதீர்கள். முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற கருத்தில் ஹதீஸ் புகாரியில் உள்ளது. நம் வாசகர்களில் முதலாளிகளும் இருக்கிறீர்கள், இது உங்களுக்கு.

3. அமானிதம் காப்போம். சீக்கிரம் கறுக்க வேண்டும் என்று மருதாணியில் பிபிடி என்னும் சாய ரசாயனத்தைக் கலப்பவர்கள் உண்டு. அது தோலைக் கொப்பளிக்க வைக்கும். அதைக் கலந்து 'இயற்கை' என்று லேபிள் ஒட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நினைவிருக்கட்டும். அதேபோல் முதலாளியின் தயாரிப்பு முறையை வெளியே விற்பதும் மோசடியே. வேலைக்கு வைக்கத் தகுந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர் என்று அந்த முதியவரின் மகள் சொன்னதை மறக்க வேண்டாம்.

4. சட்டத்தை அறிந்திருங்கள். பொதுவாக 10 பேர் இருந்தால் இஎஸ்ஐ, 20 பேர் இருந்தால் பிஎஃப். 10 பேருக்குக் குறைவான இடத்தில் பாலியல் தொல்லை நேர்ந்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம்.

அந்தச் சகோதரி தேதிவாரியாகக் கணக்கெழுதினார். தாயாரும் ஜமாஅத் பெரியவர் ஒருவரும் உடன் சென்றார்கள். முதலாளிக்கும் கடைகளிலிருந்து வர வேண்டியது நிறைய இருந்தது; அவர் சண்டைக்கு வரவில்லை. இரண்டு தவணையாகத் தருவதாக எழுதிக் கொடுத்தார். முதல் தவணை வந்துவிட்டது. அடுத்ததற்குத் தேதி குறித்திருக்கிறோம். வேலையையும் அவர் விடவில்லை.

இப்படிச் சிக்கல் உள்ளவர்கள் கூச்சப்படாமல் வீட்டாருடன் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். கணக்கெழுத நாம் உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

உழைப்பவருக்கும் உழைப்பு வாங்குபவருக்கும் அல்லாஹ் ஹலாலான ரிஸ்கில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.