பாலத்திற்கு அநுமதி

நாணயம் என்னுஞ் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே உணர்த்தும். கணினிவழிச் செல்வமாகிய டோக்கன்களை ஆராயுங்கால் இவ்விரு பொருளும் நினைவிற் கொள்ளத்தக்கன.

பிளாக்செயின் என்பது பல கணினிகளில் ஒரேபடியாக எழுதிவைக்கப்பெறும் பொதுக் கணக்கேடு. இத்தகைய ஏடுகள் உலகிற் பல உள. ஓர் ஏட்டின் டோக்கன் மற்றோர் ஏட்டில் நேரே செல்லாது. அவற்றை இணைக்கும் அமைப்பே பாலம் எனப்படும். புளியங்குடி வணிகரொருவர் நூறு மூட்டை நெல்லை ஈண்டுக் கிடங்கிற் பூட்டிவைத்து, செங்கோட்டை வழியே சென்று கொல்லத்திற் கைமாற்றத்தக்க சீட்டொன்றைப் பெறுகின்றாரெனக் கொள்வோம். அச்சீட்டை இறுதியிற் பெற்றவர் திருப்பிக்கொடுப்பின் கிடங்கு திறக்கும். பாலங்கள் பலவற்றின் முறை இஃதே. சீட்டின்றிக் கிடங்கு திறக்கப்படுமாயின், கொல்லத்தார் கையிலிருப்பது வெறுந்தாளே யாம்.

எப்பாலத்தை ஏற்பது, அதன்வழி எவ்வகை டோக்கனை விடுவது என்பவற்றை உறுப்பினரே வாக்களித்துத் தீர்மானிக்கும் வலையமைப்புகள் உள. சிறு காரியந்தோறும் முழுச்சபையின் வாக்கு வேண்டுமெனின் காலம் வீணாகும்; வாக்களிப்போரும் சலிப்புற்று ஆராயாமலே இசைவர். ஆதலின் அநுமதிமுறையைச் சுருக்குக என்போர் கூற்று நியாயமானதே. ஆயின் எதனைச் சுருக்குவது என்பதே வினா.

ஆக்சி இன்பினிட்டி என்னும் விளையாட்டிற்குரிய ரோனின் பாலத்தில், பொருளை வெளிவிட 9 சரிபார்ப்போருள் ஐவர் ஒப்பம் போதுமானதாயிருந்தது. அவற்றுள் 4 திறவுகோல்கள் ஸ்கை மேவிஸ் என்னும் ஒரே நிறுவனத்தின்பால் இருந்தன. 2021 நவம்பரில், பயன்படுத்துவோர் தொகை பெருகிய நெருக்கடியில், ஆக்சி சபை தன் ஒப்பத்தையும் அந்நிறுவனமே இடுமாறு இசைந்தது. டிசம்பரில் அவ்வேற்பாடு நின்றது. அதற்கெனத் திறந்த வழியோ அடைக்கப்படவில்லை. 2022 மார்ச் 23இல் கள்வர் அவ்வழியே ஐந்தாம் ஒப்பத்தையும் பெற்று, 1,73,600 ஈதரையும் 2.55 கோடி டாலர் டோக்கனையும் கவர்ந்தனர். ஒருவர் 5,000 ஈதரை மீட்க முயன்று இயலாது முறையிட்ட பின்னரே, ஆறாம் நாள் களவு வெளிப்பட்டது. விரைவில் தந்த அநுமதிக்கு முடிவுநாள் குறிக்கப்பட்டிருப்பின், டிசம்பரிலேயே அவ்வழி தானே அடைபட்டிருக்கும் அன்றோ?

நிற்க. இவ்வினாவிற்கு நம் நாட்டிற் பழைய விடையொன்று உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 921ஆம் ஆண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டில், 30 குடும்புகளிலிருந்து குடவோலையால் வாரியங்களுக்கு ஆள் தெரிந்த முறை காணப்படுகின்றது. தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர். ஏரி வாரியத்திற்கு அறுவர். பொன்னுக்கும் தனி வாரியம் இருந்தது. மதகு திறத்தற்கெல்லாம் மகாசபை கூடவேண்டுவதில்லை. ஆயினும் வாரியப் பதவி 360 நாளளவே. குற்றங் காணின் அப்பொழுதே நீக்கப்படுவர். கணக்குக் காட்டாதார்க்கு மீண்டும் இடமில்லை.

இவற்றை ஒருங்குவைத்து நோக்கின் மூன்று விதிகள் புலனாகும். முதலாவது, புதிய பாலத்தை ஏற்பதும் திறவுகோலுடையாரை மாற்றுவதும் முழுச்சபையின் செயலாதல் வேண்டும். இரண்டாவது, ஏற்ற பாலத்தில் டோக்கன் சேர்த்தலைச் சிறு வாரியத்திடம் விடலாம். ஆயின் தொகைக்கு வரம்பும், சபை மறுத்தற்குச் சில நாள் இடைவெளியும், அநுமதிக்கு முடிவுநாளும் இருத்தல் இன்றியமையாதது. மூன்றாவது, பாலத்தை நிறுத்தும் அதிகாரம் எவற்றினும் விரைந்து செல்லவேண்டும். திறத்தற்குப் பலர் வேண்டும். அடைத்தற்குச் சிலரே போதும்.

மாணாக்கர் பலர் நாளை சங்கங்களிலும் வங்கிகளிலும் கணினித் தொழிலிலும் பொறுப்பேற்பர். அநுமதியொன்றில் ஒப்பமிடுமுன், இஃது என்று முடியும், யார் நிறுத்துவர் என்னும் இரண்டையும் கேட்டறிவாராக.