பிளிட்ஸ் செஸ்: கடிகாரத்தையும் படியுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் செஸ் ஆடிப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் ஆடி முடித்த ஆட்டத்தை அதே கம்ப்யூட்டரில் படிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நான் பார்த்த ஓர் ஆட்டத்தை வைத்தே விளக்குகிறேன்.

பல்கலைக்கழக அணியில் இருந்த ஒரே இடத்துக்காக இரு மாணவர்கள் லிசெஸ் தளத்தில் பிளிட்ஸ் ஆடினார்கள். ஆளுக்கு 3 நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி கூடுதல். வெள்ளைக் காய்களுடன் ஆடியவர் ஜெயிக்கும் நிலையில் இருந்தார். 38-ஆவது நகர்த்தலில் யானையைச் சும்மா பறிகொடுத்தார். ஆட்டமும் போயிற்று, அணி இடமும் போயிற்று.

நேரில் ஆடும் பிளிட்ஸில் நகர்த்தல்களை எழுதி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்டர்நெட்டில் ஆடினால் எல்லாமே பதிவாகிவிடும். ஆட்டம் முடிந்ததும் அனாலிசிஸ் போர்டைத் திறந்து, பிஜிஎன் ஃபைலை டவுன்லோடு செய்யுங்கள். 'அனோட்டேட்டட்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ரா' என்பதில் கடிகார நேரம் வராது. 1993-இல் உருவான பிஜிஎன் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். ரைட் கிளிக் செய்து நோட்பேடில் திறந்தாலே போதும்; தனி சாப்ட்வேர் வேண்டாம்.

மேலே '180+2' என்று இருக்கும். 180 விநாடி, கூடுதல் 2 என்று அர்த்தம். கீழே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் மீதி நேரம் இருக்கும். இந்த ஆட்டத்தில் வெள்ளைக்கு 13-ஆவது நகர்த்தல் முடிந்தபோது 0:02:05, அடுத்ததில் 0:01:19. வித்தியாசம் 46 விநாடி. அத்துடன் கூடுதல் 2 விநாடியையும் சேர்க்க வேண்டும் (பலர் இதை விட்டுவிடுகிறார்கள்). ஆக, 48 விநாடி யோசித்திருக்கிறார்!

அப்படி என்ன சிக்கல்? ஒரு குதிரையை எந்தச் சிப்பாயால் வெட்டுவது என்பதுதான். ஸ்டாக்பிஷ் என்ற இலவச செஸ் இன்ஜினிடம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். அதே இன்ஜின் 38-ஆவது நகர்த்தலுக்குச் சிவப்பில் இரண்டு கேள்விக்குறி போடுகிறது. அப்போது அவரிடம் இருந்ததோ 6 விநாடி. என்னைக் கேட்டால் யானை போனது 14-ஆவது நகர்த்தலில்தான். இதை இன்ஜின் சொல்லாது. அதற்குக் கடிகாரம் தெரியாது.

உங்கள் ஆட்டங்களில் ஐந்தை எடுத்து, 20 விநாடிக்கு மேல் யோசித்த இடங்களை மட்டும் குறித்துப் பாருங்கள். ஒன்று முக்கியம்: ஆட்டம் நடக்கும்போது இன்ஜினைத் திறக்கக் கூடாது. அது ஏமாற்று வேலை. உங்கள் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.