கரையில் அலறிய போன்

கேள்வி: விழிஞ்ஞத்தில் அக்கா வீட்டில் இருந்தபோது எல்லார் போனும் ஒன்றாக அலறின. ‘சோதனைச் செய்தி’ என்றிருந்தது. கடலுக்குப் போகும் அத்தானுக்கு இது உதவுமா?
– வாசகி, குளச்சல்

பதில்: கரையில் நிற்கும்வரை உதவும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயலானபோது விழிஞ்ஞம், பூந்துறை வள்ளங்கள் பல ஏற்கெனவே கடலில் இருந்தன. எச்சரிக்கை அவற்றில் இருந்தவர்களிடம் போய்ச் சேர வழியில்லை. திரும்பி வராதவர்களின் வீடுகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

போனில் வரும் இத்தகைய எச்சரிக்கைகளுக்குப் பின்னால் ‘காமன் அலர்ட்டிங் புரோட்டோகால்’ என்ற உலகப் பொதுவடிவம் இருக்கிறது. என்ன ஆபத்து, எந்தப் பகுதி, எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு நிச்சயம் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். ஒருமுறை நிரப்பினால் எஸ்.எம்.எஸ்., டி.வி., ரேடியோ எல்லாம் அதையே எடுத்துக்கொள்ளும். அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் உருவாக்கிய நம் ‘சசேத்’ எச்சரிக்கை அமைப்பு இப்படித்தான் இயங்குகிறது. கடுமையையும் நிச்சயத்தையும் நிபுணர்கள் பிரித்து வைத்தது பெரிய காரியம்: ‘வருவது உறுதியில்லை, வந்தால் ஆளைக் கொல்லும்’ என்று சொல்ல அதில் இடமிருக்கிறது.

ஆனால் டவர் சிக்னல் ஆழ்கடலுக்கு எட்டாது. அங்கே 2019-இல் வந்த ‘ஜெமினி’ கருவி துணையாகும். ககன் செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத்தில் போனுக்குக் கொடுக்கும். திருப்பிப் பேச முடியாது. அத்தான் ஏறும் வள்ளத்தில் அது இருக்கிறதா, சார்ஜ் ஏற்றியிருக்கிறார்களா என்று இன்றே கேளுங்கள்.