காலையில் சிறை, மாலையில் கடல்

போர்ட் பிளேயருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) குடும்பத்தோடு போகிறீர்களா? விடுதலைப் போராட்ட வீரர்களை ஆங்கிலேயர் அடைத்துவைத்த செல்லுலார் சிறையைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். விடுமுறை நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

1906-இல் கட்டி முடித்தபோது 7 பிரிவுகள், கிட்டத்தட்ட 700 தனியறைகள். இன்று மிஞ்சியிருப்பது 3 பிரிவுகள்தான். பிள்ளைகளுக்கு எண்களைவிடத் தாழ்ப்பாளைக் காட்டுங்கள். கதவைவிட்டுத் தள்ளி, சுவரில் குடைந்த பள்ளத்துக்குள் அது போய் விழும். உள்ளே நின்று கம்பி வழியே கையை நீட்டச் சொல்லுங்கள், எட்டாது. ஒரு பிரிவின் முகப்பு அடுத்த பிரிவின் முதுகைத்தான் பார்க்கும். கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் காணக்கூடாதாம். மாட்டுக்குப் பதிலாக மனிதரைச் செக்கில் பூட்டிய கொடுமையையும் மறைக்காமல் சொல்லலாம். ஆனால் தூக்குமேடைக்குச் சின்னப் பிள்ளைகளை இழுத்துப்போக வேண்டாம். பெரியவர்கள் மாறி மாறிப் போய் வாருங்கள்.

வெளியே வந்ததும் ஆட்டோவுக்கு அவசரப்படாதீர்கள். இளநீர் வாங்கிக்கொடுத்து நிழலில் உட்காருங்கள். கேள்விகள் அப்போதுதான் வரும்.

பிற்பகல் கார்பின்ஸ் கோவ் கடற்கரை. அந்தமானில் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் மங்கிவிடும். மூன்று மணிக்கே மணலில் இருங்கள். மாற்றுத்துணியும் துண்டும் காலையிலேயே பையில் இருக்கட்டும். முதலை எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு, காவலர் காட்டும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். மற்றபடி பிள்ளைகள் கத்தட்டும், உருளட்டும். காலையில் பார்த்ததை அந்த நேரத்தில் நினைவூட்ட வேண்டாம்.

இரவு சிறை வளாகத்தில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சிக்குப் பெரிய பிள்ளைகளை மட்டும் அழைத்துப்போங்கள்.