கட்டட வேலைக்கு ஏற்ற எடை குறைந்த பெல்ட் கன்வேயர்

உழவர் குழுக்கள் உலர்களம், கிட்டங்கி போன்றவற்றைக் கட்டும்போது அதிக ஆட்கள் தேவைப்படுவது மண் சுமக்கும் வேலைக்கே ஆகும். 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள கிட்டங்கியின் தரையை 75 செ.மீ. உயர்த்த 45 கன மீட்டர் மண் வேண்டும். ஒரு கன மீட்டர் மண் சுமார் 1.5 டன் எனக் கொண்டால், மொத்த எடை 67.5 டன். சட்டிக்கு 15 கிலோ வீதம் கணக்கிட்டால் 4,500 சட்டி மண். இடித்துக் கெட்டிப்படுத்தும்போது மண் அமுங்குவதால் உண்மையில் இன்னும் கூடுதலாகவே தேவைப்படும். இவ்வளவையும் பெரும்பாலும் சித்தாட்களான பெண்களே சும்மாடு வைத்துத் தலையில் சுமக்கின்றனர். கழுத்து வலியும் முதுகு வலியும் அவர்களுக்கு வேலை முடிந்த பின்னும் நீங்குவதில்லை.

இந்தச் சுமையைத் தலையிலிருந்து இறக்க ஓடும் பெல்ட் உதவும். பெரிய கட்டுமானங்களில் பயன்படும் கன்வேயர்களை வயல் வரப்பு வழியே கொண்டு செல்ல இயலாது. பிரித்து எடுத்துச் சென்று மீண்டும் பூட்டக்கூடிய சிறிய கன்வேயரை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்து கொள்ளலாம். எந்தப் பாகத்தில் எடையைக் குறைக்கலாம், எந்தப் பாகத்தில் குறைக்கக் கூடாது என்பதை மட்டும் நன்கு அறிந்து கொள்ள வேண்டும்.

எடையைக் குறைக்க முடிவது ஏன்?

இரண்டு ஆட்கள் மண்வெட்டியால் மணிக்கு 3 கன மீட்டர், அதாவது 4.5 டன் மண்ணை அள்ளிப் போடுவதாகக் கொள்வோம். இது வினாடிக்கு 1.25 கிலோ. பெல்ட் வினாடிக்கு 45 செ.மீ. வேகத்தில் ஓடினால், 5 மீட்டர் நீளமுள்ள பெல்ட்டின் மேல் ஒரே நேரத்தில் இருக்கும் மண் சுமார் 14 கிலோ மட்டுமே. அதாவது ஒரு சட்டி மண்ணுக்கும் குறைவு! பெல்ட் இடைவிடாமல் ஓடுவதால்தான் 45 கன மீட்டர் மண்ணும் 15 மணி நேரத்தில் மேலே போய்ச் சேருகிறது. அள்ளிப் போடும் கைகளின் வேகத்திற்கு மேல் பெல்ட்டைப் பெரிதாக்குவதால் பயனில்லை. எனினும் மண்ணை மொத்தமாகக் கொட்டிவிடும் வாய்ப்பு உண்டு. ஆகையால் 100 கிலோ சுமையைத் தாங்கும்படி சட்டத்தை அமைக்க வேண்டும்.

முக்கிய அளவுகள்

நீளம்: 5 மீட்டர், 2.5 மீட்டர் கொண்ட இரண்டு துண்டுகளாக.
பெல்ட்: 40 செ.மீ. அகலம், சுமார் 10.5 மீட்டர் நீளம், இரண்டு அடுக்குத் துணி கொண்ட பி.வி.சி. பெல்ட்.
உருளைகள்: மேலும் கீழுமாக இரண்டு, 15 செ.மீ. விட்டம்.
மோட்டார்: 1 குதிரைத் திறன், 1,440 சுற்று, 25க்கு 1 என்ற விகிதமுள்ள கியர் பெட்டி.

இந்த அமைப்பில் மேல் உருளை நிமிடத்திற்குச் சுமார் 58 முறை சுற்றும். மேலே கூறிய வேகம் கிடைக்கும். மண்ணை உயர்த்துவதற்கு மட்டும் ஏறக்குறைய 20 வாட் போதும். மோட்டாரின் திறன் பெரும்பாலும் உராய்வைச் சமாளிக்கவும், சுமையோடு பெல்ட்டைக் கிளப்பவுமே தேவைப்படுகிறது.

சட்டம் அமைத்தல்

மூங்கில் உள்ளே வெற்றிடமாக இருந்தும் எளிதில் வளைவதில்லை. அதன் கெட்டியான பகுதி நடுவை விட்டு விலகி ஓரத்தில் அமைந்திருப்பதே காரணம். இரும்பிற்கும் இது பொருந்தும். கனத்த ஆங்கிளுக்குப் பதில், 2 மி.மீ. தகட்டை 10 செ.மீ. உயரமும் 4 செ.மீ. மடிப்பும் உள்ள சேனலாக வளைத்துப் பயன்படுத்தலாம். 5 மீட்டர் நீளமுள்ள இரண்டு சேனல்களும் சேர்ந்து 28 கிலோ அளவே இருக்கும். அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதே அளவுள்ள அலுமினியம் மூன்று மடங்கு வளையும். ஆகவே அலுமினியச் சேனலின் உயரத்தைக் கூட்ட வேண்டும்.

பெல்ட்டின் அடியில் வரிசையாகச் சிறு உருளைகள் வேண்டியதில்லை, வழவழப்பான 1.6 மி.மீ. தகட்டின் மேலேயே அது வழுக்கி ஓடலாம். இதனால் பேரிங்குகளும் குறையும், தூசி புகும் இடங்களும் குறையும். இரு பக்கமும் 10 செ.மீ. உயரத்தில் தடுப்புத் தகடு வைத்தால் மண் சிந்தாது.

சட்டத்தின் இரு துண்டுகள், மோட்டார், சுருட்டிய பெல்ட், தாங்கி எனத் தனித்தனியே பிரித்தால் எந்தப் பாகமும் 40 கிலோவைத் தாண்டாது. இருவர் எளிதில் தூக்கலாம். வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டலாகாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் செய்த பரிந்துரையாகும்.

சாய்வு

ஈர மண்ணுக்கும் ஈர மணலுக்கும் சுமார் 20 பாகைச் சாய்வு ஏற்றது. அப்போது 5 மீட்டர் கன்வேயர் 1.7 மீட்டர் உயரத்திற்கு ஏற்றும். உலர்ந்த மணல் 15 பாகைக்கு மேல் சரியத் தொடங்கும்; சிறிது நீர் தெளித்தால் சரிவது குறையும். உருண்டைக் கூழாங்கல்லுக்கு 12 பாகையே எல்லை. இன்னும் செங்குத்தாக ஏற்ற வேண்டுமானால், பெல்ட்டின் குறுக்கே 2 செ.மீ. உயரமுள்ள ரப்பர் பட்டிகளைப் பொருத்த வேண்டும்.

எடையைக் குறைக்கக் கூடாத இடங்கள்

கதிரடிக்கும் இயந்திரங்களில் கையையும் விரலையும் இழந்தோர் பலர். அத்தகைய விபத்துக்களைத் தடுக்கவே 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. பெல்ட்டும் உருளையும் சேருமிடம் அதே அளவுக்கு ஆபத்தானது. சேலைத் தலைப்பு, தோள் துண்டு, கூந்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சிக்கினாலும் ஆளையே உள்ளே இழுத்துவிடும். ஆகவே கீழ்க்கண்டவற்றில் சிக்கனம் வேண்டாம்.

1. இரு உருளைகளையும் கம்பி வலைக் கூண்டால் மூட வேண்டும். கூண்டை போல்ட்டால் இறுக்க வேண்டும். கயிற்றால் கட்டி வைக்கலாகாது.

2. நீளம் முழுதும் இரு பக்கமும் கயிறு கட்டி, எங்கிருந்து இழுத்தாலும் மோட்டார் நிற்கும்படி சுவிட்ச் அமைக்க வேண்டும்.

3. மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது இயந்திரம் தானாக ஓடாத ஸ்டார்ட்டர் தேவை. சுமையோடு பெல்ட் பின்னோக்கி ஓடாமலிருக்கத் தடையும் வேண்டும்.

4. ஈர மண்ணில் வேலை நடப்பதால் எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பானும் கட்டாயம் இருக்க வேண்டும்.

5. தாங்கியின் சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர் அகலம் இருக்கட்டும். இடம் மாற்றும் முன் சட்டத்தைத் தாழ்த்திவிட வேண்டும். உயர்த்திய நிலையில் மின் கம்பியின் கீழே தள்ளிச் செல்வது உயிருக்கு ஆபத்தாகும்.

பராமரிப்பு

மாலையில் உருளைகளில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஒட்டிய மண்ணே பெல்ட் ஓரமாக விலகுவதற்கு முதற்காரணம். சுத்தம் செய்த பின்னும் விலகினால், எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கத்துத் திருகைக் கால் சுற்று இறுக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். உருளையின் நடுப்பகுதி ஓரங்களை விட 2 மி.மீ. பருத்திருந்தால் பெல்ட் நடுவில் ஓடும்.

கட்டடம் முடிந்த பின்

இதே கன்வேயரால் 50 கிலோ மூட்டைகளை லாரியில் ஏற்றலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூட்டைகளுக்கு மேல் வைக்கலாகாது. ஆண்டு முழுதும் பயன்படுவதால், தனி ஒருவர் வாங்குவதைவிடக் குழுவாகச் சேர்ந்து செய்து கொள்வது நலம்.

சுமை இறங்கியதால் ஆட்களின் கூலி குறையக் கூடாது. பெல்ட்டில் மண் போடவும், மேலே பரப்பவும், இடித்துக் கெட்டிப்படுத்தவும் ஆட்கள் தேவையே. சித்தாட்களை இந்த வேலைகளுக்கு அமர்த்தினால் தளமும் விரைவில் உயரும், அவர்களின் உடல்நலமும் காக்கப்படும்.